பியானோலா பட்டறையில் வேக்குவம் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பழைய பியானோக்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? என்றாவது ஒருநாள் பியானோலா ஒன்று உங்களிடம் வரும். மிதியை மிதித்தால், காகிதச் சுருளின் துளைகளுக்கேற்பத் தானே வாசிக்கும் பியானோ அது. உள்ளே துணி, தோல், டியூப், வால்வு. அத்தனையையும் ஆட்டிவைப்பது துருத்தி உறிஞ்சும் காற்று.

புதுத் துணி ஒட்டியாயிற்று, ஒரு பாட்டும் ஓடிவிட்டது என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். பலமாக மிதித்தால் கசிவு தெரியாது. பின்னாளில் மின்சார உறிஞ்சி பொருத்தியிருந்தால் சுத்தமாகத் தெரியாது. வாடிக்கையாளர் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த பிறகுதான் புகார் வரும். எனவே உறிஞ்சியைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்தே அளந்து பாருங்கள்.

இந்தத் தொழிலில் வேக்குவத்தைத் தண்ணீர் அங்குலத்தில் சொல்வார்கள். டயல் கேஜ் இல்லையா? ஒளி ஊடுருவும் டியூபை ‘யு’ வடிவில் பலகையில் பொருத்தித் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு சொட்டு மை கலந்தால் நன்றாகத் தெரியும். ஒரு முனையைப் பியானோவோடு இணைத்து மிதித்தால், ஒரு பக்கம் 5 அங்குலம் ஏறும்போது மறுபக்கம் 5 இறங்கும். ஆக, அளவு 10. புதியவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பாதியைக் குறித்துவிடுவார்கள். டியூபின் உயரத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓங்கி மிதித்தால் 30 அங்குலத்துக்கு மேலும் போகும். டியூப் குட்டையாக இருந்தால் தண்ணீர் பியானோவுக்குள் ஏறிவிடும். தோல் நனைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கீழிருந்து தொடங்குங்கள். மேலே போகும் குழாயை அடைத்துவிட்டு மிதியுங்கள். பெரிய துருத்தி மூடிக்கொண்டதும் காலை எடுத்து, அது மெல்லத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். சட்டென்று திறந்தால் கோளாறு கீழேயே இருக்கிறது. அது சரியென்றால் குழாயை இணைத்து, சுருள் படியும் துளைச் சட்டத்தை டேப்பால் மூடி மறுபடி எண்ணுங்கள். இப்போது நேரம் பெரிதும் குறைந்தால் மேலே வால்வோ இணைப்போ கசிகிறது. துருத்தியில் ஓர் அளவும் மேலே வேறு அளவும் காட்டினால் இடையில் எங்கோ அடைப்பு.

அடுத்தது சோதனைச் சுருள். 1908-இல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுரச் சுருளுக்கு அங்குலத்துக்கு 9 துளை என்று பொது அளவு வைத்ததால், அந்த வகைக்கு எந்தக் கம்பெனிச் சுருளும் பொருந்தும். மென்மையாக மிதித்து, 5, 6 அங்குலத்தில் ஒவ்வொரு சுரமும் பேசுகிறதா என்று கேளுங்கள். ஊமையான சுரத்தை முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். கட்டையே கனமாக இருந்தால் வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை. டெம்போ அளவை 70-இல் வைத்தால் சுருள் நிமிடத்துக்கு 7 அடி ஓட வேண்டும். பலமாக மிதித்தாலும் அந்த வேகம் மாறக்கூடாது.

ஆம்பிகோ, டூயோ-ஆர்ட் போன்ற நுட்பமான தானியங்கிப் பியானோ வகைகளை அவற்றின் கையேடும் சோதனைச் சுருளும் இல்லாமல் தொடாதீர்கள்.

எல்லா அளவுகளையும் தேதியோடு ஓர் அட்டையில் எழுதிக் கீழ்ப்பலகையின் உட்புறம் ஒட்டுங்கள். இன்னொரு நகலைப் பட்டறைக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு புகார் வந்தால் முதலாளி கேட்கப்போவது அதைத்தான்.