போட்ட கணக்கும் நடந்த காரியமும்



"பங்குனிக்குள் வீட்டை முடித்துக் குடிபுகுந்துவிடலாம்" என்று கணக்குப் போடுகிறோம். ஆவணி வந்துவிடுகிறது, கூரை ஏறவில்லை. கைக்காசு கரைந்து, தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. மேசன் ஏமாற்றிவிட்டார் என்கிறார் கணவர். உங்கள் கணக்கே பிழை என்கிறார் மனைவி. உண்மையில் பிழை எங்கே இருக்கின்றது?

டானியல் கானமன், ஏமஸ் ட்வேர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் இருவர் 1979ஆம் ஆண்டில் இக்குறைக்கு ஒரு பெயரிட்டனர். 'திட்டமிடல் மயக்கம்' என அதனைத் தமிழில் கூறலாம். முன்னைய அனுபவம் வேறாகச் சொன்னாலும், இம்முறை விரைவில் முடியும் என்றே மனம் நம்புகிறது.

1994இல் வெளிவந்த கனேடிய ஆய்வொன்று இதற்குச் சான்று. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாட்கள். எல்லாமே தடைப்பட்டால்? ஏறக்குறைய 49 நாட்கள் என்றனர். உண்மையில் சென்றதோ 55 நாட்களுக்கு மேல்! சொன்ன தவணைக்குள் முடித்தவர்கள் மூன்றிலொரு பங்கினருமில்லர்.

பெரிய நிபுணர்களும் இதற்கு விலக்கல்லர். அவுஸ்திரேலியாவின் சிட்னி ஒப்பெரா மண்டபம் 70 இலட்சம் டொலர் செலவில் 1963இல் முடியுமென மதிப்பிடப்பட்டது. 1973இல்தான் திறக்கப்பட்டது, செலவு 10 கோடி 20 இலட்சம் டொலர்.

காரணம் என்ன? வேலை ஒழுங்காக நடக்கும் வழியை மட்டுமே நாம் மனதிற் காண்கிறோம். மழை, காய்ச்சல், சீமெந்துத் தட்டுப்பாடு, மரணவீடு ஆகியன அந்தப் படத்தில் இல்லை. இவற்றுள் எது வருமென்று தெரியாது. ஏதோவொன்று வருமென்பது நிச்சயம்.

ஆகவே, கணக்குப் போடுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இதே போன்ற வேலைக்குச் சென்றமுறை எவ்வளவு காலமும் பணமும் சென்றன என்று பாருங்கள். அதனைச் செய்து முடித்த அயலவரிடம் கேளுங்கள். வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்கிடுங்கள். அதன் பின்னரே பிறருக்குத் தவணை சொல்லுங்கள்.

தவணை தப்பிய தையற்காரரையும் தச்சரையும் உடனே பொய்யர் என்று தீர்ப்பிடாதீர்கள். அவரும் தம் கணக்கை நம்பியே நாள் குறித்திருக்கக்கூடும். அடகு வைத்த நகையை மீட்டுவிடலாம்; கோபத்தில் உடைந்த உறவை மீட்பது எளிதன்று.