முதல் விமான வேலை: போனஸுக்கு முன் பேஸைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1,500 மணி நேரம் பறந்து முடித்த புதிய விமானிகள் பலருக்கு ஸ்கைவெஸ்ட், என்வாய், எண்டெவர் போன்ற பிராந்திய நிறுவனங்களில்தான் முதல் வேலை அமைகிறது. சேரும்போது தரும் போனஸ் கண்ணைப் பறிக்கும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது பேஸ், அதாவது பணி தொடங்கும் விமான நிலையம். காரில் போய்விடும் தூரமென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்து சேரும் நேரம் சொந்த ஓய்விலிருந்துதான் கழியும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 உயிர்களைப் பலிகொண்ட கோல்கன் ஏர் விமானத்தின் துணை விமானி, முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வந்துதான் நியூவர்க்கில் பணியேற்றார்.

அடுத்தது சீனியாரிட்டி, அதாவது பணியில் சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் எண். பேஸ், பணி அட்டவணை, விடுமுறை, கேப்டன் பதவி எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். நிறுவனம் மாறினால் மறுபடி கடைசி எண். 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற பிராந்திய நிறுவனங்கள் இரண்டும் மூடப்பட்டபோது விமானிகள் இழந்தது சம்பளத்தை மட்டுமல்ல, சீனியாரிட்டி எண்ணையும்தான். பிராந்திய நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் பறப்பவை; ஒரே ஒப்பந்தத்தை நம்பியிருந்தால் ஆபத்து அதிகம். எனவே, நிறுவனம் எத்தனை பெரிய விமான நிறுவனங்களுக்காகப் பறக்கிறது என்று விசாரிப்பது அவசியம். ஸ்கைவெஸ்டுக்கு யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா என நான்கு.

என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட் ஆகிய மூன்று பிராந்திய நிறுவனங்களிலும் சீனியாரிட்டிப்படி அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குப் போக வழியுண்டு. பெரிய நிறுவனம் ஆளெடுப்பதைக் குறைத்தால் அந்த வரிசையும் நகராது.

போனஸுக்குக் கையெழுத்திடுமுன், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவை நிதானமாகப் படிக்கவும்.