வேரில்லாப் பசுமை

பினாங்குக் கொடிமலையின் பாறைகளிலும் மரத்தண்டுகளிலும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் பாசி படர்ந்திருக்கும். மலையடிவாரத்தில் உள்ள ஜார்ஜ் டவுனிலும் பாசி உண்டு. பழைய கடைவீடுகளின் அஞ்சடி ஓரத்திலும் ஈரச் சுவர்களிலும் மழைக்குப்பின் அது பசுமையாகத் தெரியும். இந்தப் பாசியை வீட்டினுள், பல்லி போன்ற ஊர்வன வாழும் கண்ணாடிப் பெட்டியில் உயிரோடு வளர்க்க முடியுமா? முடியும். ஆனால், அது எவ்வாறு நீர் அருந்துகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பாசிக்கு உண்மையான வேர் இல்லை. அதன் அடியில் காணப்படும் மெல்லிய இழைகள் அது பற்றிக்கொள்ள உதவுகின்றன. நீரைப் பெரும்பாலும் இலைகளின் மேற்பரப்பே நேரடியாக உறிஞ்சுகிறது. பல பாசி வகைகளில் இலை ஒரே ஓர் உயிரணுத் தடிப்புடையது. ஆதலால், காற்று வறண்டால் பாசி விரைவில் சுருங்கிவிடும். நீரில் கலந்துள்ள குளோரினும் உப்பும் அதனை எளிதில் பாதிக்கும். சேமித்து வைத்த தூய மழைநீரே அதற்கு ஏற்றது.

பாசியுள்ள பெட்டி எல்லா ஊர்வனவற்றுக்கும் பொருந்தாது. நியூ கலிடோனியாத் தீவின் ஈரக்காட்டுப் பல்லிகளுக்கு ஈரப்பதம் தேவை. தோல் உரிவதற்கும் அது துணைபுரியும். வறண்ட நிலத்துப் பல்லிகளோ எப்போதும் ஈரமான இடத்தில் நோயுறும். ஆகவே, முதலில் விலங்கின் தேவையை அறிந்து, பிறகே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிய அனுமதியின்றி வளர்ப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதையும் மறத்தலாகாது.

பெட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். மிகுதியான நீர் அங்கே வடியும். அதன்மேல் மெல்லிய வலையை விரித்து, உரம் கலவாத மண்ணை இடுங்கள். மண்ணின்மேல் பாசியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தெளிப்பானால் நீரைப் பனிபோல் தெளியுங்கள், தேங்கவிடாதீர்கள். காற்று புகாத பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். எனவே, மூடியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். நேரடி வெயில் கண்ணாடிக்குள் வெப்பத்தைக் கூட்டிவிடும். வெப்பம் குறைந்த எல்இடி விளக்கே போதும். விலங்கின் கழிவு பாசியின்மேல் கிடந்தால் அவ்விடம் பழுப்பாகும். அதனை அன்றாடம் அகற்ற வேண்டும்.

கண்ணாடிக்குள் செடி வாழும் என்பதை உலகிற்குக் காட்டியவர் இலண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு. நகரின் நிலக்கரிப் புகையால் அவர் வளர்த்த பெரணிகளும் பாசிகளும் பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டு வாக்கில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஆராய்வதற்காக ஈரமண்ணோடு அதனை ஒரு மூடிய புட்டியில் வைத்தார். அந்த மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன! பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணை நனைத்ததே அதற்குக் காரணம். பின்னர் வார்டின் பெயரால் அமைந்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் கடந்தன. 1876இல் இலங்கைக்கு ரப்பர் கன்றுகள் சென்றதும் அத்தகைய பெட்டிகளில்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. நம் முன்னோர் பால்மரம் சீவிய தோட்டங்களின் வரலாறு அக்கன்றுகளோடு தொடர்புடையது.

பெட்டிக்கான பாசியை எங்கிருந்து பெறுவது? கொடிமலையிலிருந்து பெயர்த்து வருவது தவறு. அம்மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாசி மழைநீரைத் தாங்கி வைக்கிறது, சிற்றுயிர்களுக்கு உறைவிடமாகிறது. மேலும், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சியில் வளர்ந்த பாசி, நகரின் வெப்பத்தில் நெடுநாள் தாங்காது. மலையும் தன் பாசியை இழக்கும். உங்கள் பெட்டியிலும் அது மடியும்.

உங்கள் வீட்டுப் பூந்தொட்டியிலோ மதிற்சுவரிலோ உள்ள பாசி இவ்வெப்பத்திற்குப் பழகியது. கொசு மருந்துப் புகையோ களைக்கொல்லியோ படாத இடத்தில், உள்ளங்கை அளவு மட்டும் எடுங்கள். மழைநீரில் அலசி, இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். புதிய பச்சைத் துளிர் தென்பட்டால், அதனைப் பெட்டிக்குள் வைக்கலாம்.