'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்துவதற்கு முன்



நம் கிளைகளில் இப்போது கேமரா பிடிக்க ஆள் இருக்கிறது, எடிட் பண்ணவும் ஆள் இருக்கிறது. தைப்பூசமோ திருமுறை ஓதும் போட்டியோ, அன்றிரவே காணொளி வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஆனால் கடைசியில் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பெட்டி திறக்குமே, அதிலுள்ள எண்களைப் பார்த்ததும் பலர் கண்ணை மூடிக்கொண்டு 'ஓகே' தட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் கிளைக்கு ஒரு தாத்தா வருவார். தோட்டத்தில் இருந்த காலத்தில் கற்ற மெட்டில் தேவாரம் பாடுவார். அந்த மெட்டை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. ஒருநாள் அவரை உட்கார வைத்து 40 நிமிடம் பதிவு செய்தேன். எல்லாருக்கும் அனுப்ப வசதியாக ஃபைல் 100 மெகாபைட்டுக்குள் இருக்கணும் என்றார்கள். அப்படியே சுருக்கி எக்ஸ்போர்ட் செய்தேன். "அதான் சேவ் ஆயிடுச்சே" என்று மெமரி கார்டை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டேன். மறு ஆண்டு தாத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மகள் அந்தக் காணொளியைப் பெரிய திரையில் போடச் சொன்னார். முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கடைசி வரை கேட்டார். எனக்குத்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியில் இருப்பதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எம்பி4 என்பது டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் ஒலி. உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எச்.264 என்ற முறை 2003-இல் வந்தது, எச்.265 பத்தாண்டு கழித்து 2013-இல் வந்தது. புதியது ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரும். ஆனால் கோயில் மண்டபத்தில் யாருடைய பழைய மடிக்கணினி புரொஜெக்டரில் மாட்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. அங்கே கொண்டு போவதாக இருந்தால் எச்.264 போதும்.

ஏன் சுருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படம், ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் சுமார் 6.2 மெகாபைட். நொடிக்கு 25 படம், அதாவது 155 மெகாபைட். தாத்தாவின் 40 நிமிடம் மட்டும் 370 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும்! அதனால் கோடெக் ஒரு தந்திரம் செய்கிறது. அவ்வப்போது ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது.

ஒருவர் சுவர் ஓரமாக உட்கார்ந்து சமயச் சொற்பொழிவு செய்கிறார் என்றால் உதடும் கையும் மட்டும்தான் அசையும். குறிக்க அதிகம் இல்லை. அதே கேமராவை எடுத்துக்கொண்டு தைப்பூசத்தன்று பத்துமலை 272 படிக்கு முன்னால் நில்லுங்கள். காவடியில் மயில் இறகு ஒவ்வொன்றும் ஆடும், பின்னால் ஆயிரம் தலை அசையும், கேமராவும் ஆடும். எல்லாமே மாறுகிறது. சொற்பொழிவுக்குப் போதுமான பிட்ரேட்டை இதற்குக் கொடுத்தால் மயில் இறகு பச்சைக் கூழாகிவிடும். போன தைப்பூசத்தில் நீங்கள் எடுத்த காணொளி கேமராவில் நன்றாக இருந்து, அனுப்பிய பிறகு மங்கிப்போயிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பிட்ரேட் என்பது ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்ற பட்ஜெட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மெகாபைட், நிமிடத்துக்கு 60, 40 நிமிடத்துக்கு 2.4 ஜிகாபைட். நான் தாத்தாவுக்குக் கொடுத்தது படமும் ஒலியும் சேர்த்து வெறும் 0.3 மெகாபிட். அதில் ஒலிக்கு 32 கிலோபிட்தான். அவர் அசையாமல் உட்கார்ந்துதானே பாடினார்? பார்க்க அதிகம் இல்லை, கேட்கத்தான் இருந்தது. ஒலிக்கு மட்டும் 192 கிலோபிட் கொடுத்திருந்தால் 40 நிமிடத்துக்கு 58 மெகாபைட். அந்த 100-க்குள்ளேயே அவர் குரலைத் தெளிவாக அனுப்பியிருக்கலாம், படத்துக்குப் பதில் ஒரு புகைப்படத்தை வைத்து. அந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டு, நாதஸ்வரம், தவில் எதுவானாலும் ஒலியை ஏஏசி முறையில் 192-க்குக் குறைக்காதீர்கள், இடம் இருந்தால் 320 வையுங்கள்.

பிட்ரேட் பக்கத்தில் சிபிஆர், விபிஆர் என்று இருக்கும். சிபிஆர் எல்லா நொடிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு படி அளக்கும், நேரடி ஒளிபரப்புக்கு ஏற்றது. விபிஆர் அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்துக் காவடி வரும்போது செலவழிக்கும். 'டூ பாஸ்' போட்டால் முழுக் காணொளியையும் ஒருமுறை அலசிவிட்டு, பிறகு பங்கிடும். நேரம் அதிகம் எடுக்கும், ஆனாலும் செய்யலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அளவைச் சொல்லாமல் தரத்தையே எண்ணால் சொல்லலாம்: எச்.264-க்கு 20 பக்கத்தில் வையுங்கள், எண் குறையக் குறையத் தரம் கூடும்.

ஃபிரேம் ரேட்டில் ஒரு சின்ன விஷயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப்லைட்டுக்குக் கீழே நொடிக்கு 25 படம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று எடுத்தால் மினுக்கல் தெரியாது. 25-இல் எடுத்ததை 30-ஆக எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். இல்லாத படங்களை நிரப்ப மென்பொருள் சிலவற்றை இரண்டு முறை காட்டும், தேர் நகர்வது தத்தித் தத்தி வரும். அதேபோல 1080-இல் எடுத்ததை 4கே ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், விவரம் கூடாது.

யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கும். 1080 அளவில் 25, 30 படத்துக்கு அவர்கள் பரிந்துரைப்பது 8 மெகாபிட். நான் 16 கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்காது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டைத் தாண்டிய ஃபைல் ஏறவே ஏறாது. விழாவன்று காலையில் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

சுருக்கியதை மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. அதனால் இப்போதெல்லாம் கேமராவில் வந்த ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டைத் தொடுகிறேன். ஒரு டிஸ்க் என் வீட்டில், இன்னொன்று செயலாளர் அக்கா வீட்டில்.

முழுசாக எக்ஸ்போர்ட் செய்யும் முன், அதிகம் அசையும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து எக்ஸ்போர்ட் செய்து, மண்டபத்துத் திரையிலேயே போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.