கான்கிரீட் ஊற்றும் அன்றைக்கு நீ எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

கிரைண்டிங் மெஷின் வாங்கிவிட்டாய் என்று சொன்னார்கள். சந்தோஷம். பாலிஷ் கான்கிரீட் வேலைக்கு உன்னைப் போலப் புதிதாக வருகிற எல்லோருக்கும் ஆகட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "டைல்ஸைவிட இது எதில் உசத்தி?" என்பதாகத்தான் இருக்கும். பளபளப்பைச் சொல்லி ஆரம்பிக்காதே. விட்ரிஃபைட் டைல்ஸின் பளபளப்போடு நம்மால் போட்டி போட முடியாது. கணக்கைச் சொல். டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட் தளம், அதன்மேல் இரண்டு அங்குலக் கலவை, அதற்கும் மேலேதான் டைல்ஸ். அந்தக் கலவை மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நாம் தளத்தையே தரையாக்கிவிடுகிறோம். தட்டினால் டொக் டொக் என்கிற வெற்றிடம் கிடையாது. இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்த டைல்ஸ் கோடையில் எழும்பி நிற்குமே, அந்தத் தொல்லையும் இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே நிறத்தைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். எபாக்ஸி பூச்சைப் பற்றிக் கேட்டால், அது மேலே ஒட்டிய படலம். அடியிலிருந்து ஈரம் ஏறினால் கொப்புளம் போடும். நம் தரையில் கொப்புளிக்கப் படலமே இல்லை.

ஆனால் இந்தப் பெருமை அத்தனையும் கான்கிரீட் ஊற்றுகிற ஒரு நாளைப் பொறுத்தது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. காவித் தரையில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மேல்தோலில் மினுமினுப்பை ஏற்றுகிறார்கள். நாம் எதையும் ஏற்றுவதில்லை, சீவி எடுக்கிறோம். அந்த வகையில் மொசைக்தான் நமக்கு நெருங்கிய சொந்தம். உள்ளே இருப்பதுதான் வெளியே தெரியும்.

அதனால் ஊற்றும் அன்றைக்கு நீ அங்கே நிற்க வேண்டும். "அது கட்டட கான்ட்ராக்டர் வேலை, என்னை 28 நாள் கழித்துக் கூப்பிடுங்கள்" என்கிறவன் பாதி வேலையைக் கைகழுவிவிட்டான் என்று அர்த்தம். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் "கொஞ்சம் தண்ணி விடுங்க" என்று ஒரு குரல் வரும். விடாதே. இளக்கம் வேண்டுமென்றால் பிளான்டிலேயே பிளாஸ்டிசைசர் சேர்த்து அனுப்பச் சொல். அதிகத் தண்ணீர் மேலே ஊறி வரும். அதை உறிஞ்ச, காய்ந்த சிமெண்டைத் தூவிக் கரண்டி போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். உன் மெஷினின் முதல் வைரப்பல் பட்டதும் அந்தத் தோல் அப்பளம் அப்பளமாகப் பெயரும். அப்போது திட்டு உனக்குத்தான்.

மட்டமும் அப்படியே. மேடான இடத்தில் மெஷின் ஆழமாகச் சீவி ஜல்லியைக் காட்டும், பள்ளத்தில் வெறும் சிமெண்ட் தெரியும். தரை முழுக்கத் தேமல் படர்ந்தாற்போல் ஆகிவிடும். வெயிலுக்குப் பயந்து பாலித்தீன் ஷீட் விரித்தால் அதன் சுருக்கங்கள் கறுப்பும் வெளுப்புமாகப் பதியும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே மேல், குறைந்தது 7 நாள். பிறகு எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயின்டர் என்று வரிசையாக வருவார்கள். கம்பியைப் போட்டு வைத்தால் துருக்கறை, வெற்றிலை துப்பினால் அந்தக் கறை. தடித்த அட்டை விரித்து மூடிவை.

விரிசலைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடு. மயிரிழை விரிசல் வரவே வராது என்று எழுதிக் கொடுக்காதே. 4 அங்குலத் தளமானால் பத்தடிக்கு ஒரு கோடு, ஒரு அங்குல ஆழம். நம் ஊர் வெயிலில் மறுநாள் காலைக்குள் வெட்டிவிட வேண்டும். கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே, தூண்களையும் வாசல்களையும் பார்த்து வரைந்துவிடு.

அரைக்கும் முறை உனக்குத் தெரியும்: 30, 40 என்று முரட்டு வைரத்தில் தொடங்கி, படிப்படியாக நைசாக்குவது. வீட்டுக்கு 800-லேயே நிறுத்து என்பேன். 3000 வரை போய் முகம் பார்க்கிற கண்ணாடியாக்குவது ஷோரூம்காரர் ஆசை. நடுவில் ஊற்றும் லித்தியம் சிலிக்கேட்டை மெழுகு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மெழுகு அல்ல. சிமெண்ட் இறுகும்போது மிஞ்சுகிற சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்டுக்கு வலுவைத் தருகிற அதே பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்குகிறது. அதனால்தான் தூள் கிளம்புவது நிற்கிறது. ஆனால் இந்தப் பசையும் அமிலத்துக்குத் தோற்றுப்போகும். புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர் சிந்தி உடனே துடைக்காவிட்டால் மங்கல் தடம் நிற்கும். மஞ்சள் கறையும் லேசில் போகாது. சமையலறைக்கு கிரானைட் போடச் சொல்லிவிடு. அந்த ஒரு அறை உன் கையைவிட்டுப் போகட்டும். குளியலறையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்.

கடைசியாக, தூசி. உலர்ந்த தரையை அரைக்கும்போது கிளம்பும் நுண்தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். குணமாக்கும் மருந்து கிடையாது. மூக்கில் துண்டு கட்டுவதெல்லாம் எதற்கும் உதவாது. மெஷினோடு ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் ஓட வேண்டும். உனக்கும், மூலைகளைக் கைமெஷினால் தேய்க்கும் பையனுக்கும் என்-95 மாஸ்க் இருக்க வேண்டும். கொட்டேஷனில் வேக்குவத்துக்கான தொகையைத் தனி வரியாகவே போடு. பேரம் பேசினால் வேறு எதிலாவது குறைத்துக் கொடு, அந்த வரியில் கை வைக்க விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்