எஞ்சின் தண்ணீர் துப்பவில்லையா? பாகத்தை விற்குமுன் காரணத்தைக் கேளுங்கள்

கடற்கரை ஊர்களில் உதிரிப்பாகக் கடை நடத்தும் சகோதரர்களுக்கும், ஒன்றிரண்டு படகுகளை வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் பயன்படும் ஒரு விடயத்தை இவ்வாரம் எழுதுகிறேன். வவுனியாவில் கடல் இல்லையே என்று அங்குள்ளவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முல்லைத்தீவுக்கும் நாச்சிக்குடாவுக்கும் போகும் சாமான்களில் ஒரு பகுதி உங்கள் கடைகளைத் தாண்டித்தான் போகிறது.

"நானா, எஞ்சின் தண்ணி துப்புதில்லை. ஒரு இம்பெல்லர் தாங்கோ" என்று கேட்டு வராத வாடிக்கையாளர் எங்கள் பக்கத்தில் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது இலேசான வியாபாரம். ஆனால் தண்ணீர் வராததற்கு இம்பெல்லர் மட்டும்தான் காரணம் என்றில்லை. காரணம் வேறாக இருந்தால், அவர் புதிய பாகத்தைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார், எஞ்சின் நடுக்கடலில் இறுகி நிற்கும். நஷ்டம் அவருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

இது சிறிய நஷ்டம் அல்ல. முல்லைத்தீவு மீனவர்கள் 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஒரு தடவையும், 2009 இல் முடிந்த யுத்தத்தில் இன்னொரு தடவையும் படகையும் எஞ்சினையும் இழந்தவர்கள். மீளக்குடியேறிய பின் கடனும் உதவியுமாகச் சேர்த்த எஞ்சின்தான் இன்று பலரிடம் இருக்கிறது. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. அதே வருடம் ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. அதன் பிறகு, பழுதானால் புதிது வாங்கலாம் என்று சொல்லக்கூடிய மீனவர் மிகக் குறைவு. கையிலிருக்கும் எஞ்சினைக் காப்பாற்றிக் கொடுக்கும் கடைக்காரரைத்தான் அவர் தேடி வருவார்.

தண்ணீர் போகும் பாதை

முதலில் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாதை தெரிந்தால் பழுது தானாகவே தெரியும்.

நமது பைபர் படகுகளின் பின்னால் பூட்டும் 8, 15, 25 குதிரைவலு எஞ்சின்களுக்கு மோட்டார் வாகனத்தைப் போல ரேடியேட்டர் கிடையாது. கடல் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, கியர் பெட்டியின் பக்கவாட்டில் சல்லடை போன்ற வாய் இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகிறது. அதற்கு மேலே வாட்டர் பம்ப். அதனுள் இறப்பர் இதழ்களையுடைய இம்பெல்லர், எஞ்சினிலிருந்து இறங்கும் தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. இரண்டையும் பிணைப்பது ஒரு சிறிய சாவிக் கட்டை. பம்ப் தள்ளும் தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலேறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டிப் புகையோடு கலந்து கடலுக்குத் திரும்புகிறது. அதில் ஒரு சிறு பங்கு எஞ்சினின் பின்பக்கத்துத் துவாரத்தால் ஊசி போலப் பீச்சும். நாம் "துப்புது" என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பீச்சு ஓர் அடையாளம் மாத்திரமே. துவாரம் அடைபட்டால், உள்ளே தண்ணீர் நன்றாக ஓடும்போதும் பீச்சு வராது. மறுபக்கமாக, சில மாதிரிகளில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே இந்தத் தண்ணீர் பிரிந்துவிடுவதால், பீச்சு நன்றாக இருக்கும்போதே சிலிண்டர் சூடேறிக்கொண்டிருக்கலாம். ஆகவே பீச்சை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது: தண்ணீர் அறவே வரவில்லையா, குறைவாக வருகிறதா, அல்லது வந்து பிறகு நிற்கிறதா? அறவே வராவிட்டால் துவாரம், சாவிக் கட்டை, குழாய் இவற்றைச் சந்தேகியுங்கள். மெதுவாக ஓடும்போது சொட்டி, வேகம் கொடுத்தால் மட்டும் வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கக்கூடும். முதலில் நன்றாக வந்து பிறகு நின்றால், வாயில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது உள்ளே அடைப்பு நகர்கிறது.

இரண்டாவது: எஞ்சின் எவ்வளவு காலம் கரையில் கிடந்தது? வாடைக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும்போது வாரக்கணக்கில் படகுகள் கரையில் கிடக்கும். அப்போது வளைந்த நிலையில் இருக்கும் இம்பெல்லர் இதழ்கள் அப்படியே விறைத்துவிடும். உள்ளே தங்கிய கடல் நீர் வற்றி உப்பாகிவிடும். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கழுவாமல் நிறுத்திய எஞ்சினில் அது எங்கே படியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சும்மா கிடக்கும் எஞ்சினின் துவாரத்தில் குளவி மண் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது: கடைசியாக எந்த இடத்தில் ஓடியது? நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் மணல் மேட்டைத் தாண்டும்போது பம்ப் மணலை இழுக்கும். மணல், இதழை மட்டுமல்லாமல் பம்பின் உட்கிண்ணத்தையும் அடித்தட்டையும் தேய்க்கும். பூநகரி, நாச்சிக்குடாப் பக்கத்து ஆழமற்ற கடலில் சாதாழையும் வலைத் துண்டும் பொலித்தீன் பையும் வாயை மூடும். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை உயர்த்தி ஓட்டினால், வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கும். எஞ்சினில் பழுதே இல்லாமல் தண்ணீர் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது: பம்பைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள், எவற்றை மாற்றினீர்கள்? பல வேளைகளில் விடை இந்தக் கேள்வியில்தான் கிடைக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இளைஞர் ஒருவர் ஒரு மாதத்திற்குள் மூன்றாவது இம்பெல்லர் வாங்க வந்தார். முதல் இரண்டையும் வேறோர் இடத்தில் வாங்கியிருந்தார். "தம்பி, கழற்றினதைக் கொண்டு வந்து காட்டுங்கோ" என்றேன். இரண்டு இம்பெல்லர்களும் புதிது போலவே இருந்தன. இதழ்களில் குறையே இல்லை. "மேலே போற குழாய் பம்பிலே சேருற இடத்து இறப்பர் வளையம் இருக்குதா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் தடவை கழற்றும்போது அது நசுங்கி விழுந்திருக்கிறது. பம்ப் தள்ளிய தண்ணீர் மேலே ஏறாமல் அந்த இடைவெளியால் வெளியே போய்க்கொண்டிருந்தது. சிறிய வளையம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அன்று எனக்குக் கிடைத்த இலாபம் ஒரு பிளேன்டிக்குத்தான் காணும். ஆனால் அவரும் அவருடைய வாடியில் உள்ளவர்களும் இன்றுவரை என் வாடிக்கையாளர்கள்.

எந்த ஒழுங்கில் தேடுவது?

காசு செலவாகாத இடத்திலிருந்து தொடங்கிச் செலவான இடத்துக்குப் போக வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பின்துவாரத்தைத் தங்கூசி நரம்பால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கடினமான கம்பி உள் முனையை உடைத்துவிடும்.

2. எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, தண்ணீர் எடுக்கும் வாயைப் பாருங்கள். சாதாழை, பை, சேறு எல்லாவற்றையும் அகற்றுங்கள்.

3. ஒரு பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும்படி எஞ்சினை இறக்கி, புரொப்பெல்லரைக் கழற்றி, நியூட்ரலில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீரில்லாமல் "சும்மா ஒரு தடவை" இயக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இம்பெல்லரின் இறப்பருக்குத் தண்ணீர்தான் வழுக்கு. அது இல்லாவிட்டால் சிறிது நேரத்திலேயே இதழ் கருகிவிடும்.

4. இதற்கும் சரிவராவிட்டால் கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பம்பைத் திறவுங்கள். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். இம்பெல்லர், சாவிக் கட்டை, உட்கிண்ணம், அடித்தட்டு, பெக்கிங், குழாய் வளையம் ஆறையும் பாருங்கள். கிண்ணத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால், புதிய இம்பெல்லரும் பலன் தராது. பழைய இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டுகளை எண்ணித் தேடி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவை மேலே போய் வழியை அடைக்கும். புதிய இம்பெல்லரைச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, மேலிருந்து பார்க்கும்போது தண்டு வலப்பக்கமாகச் சுற்றும்படி திருப்பிக்கொண்டே இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். திரும்பப் பூட்டும் போல்ட்டுகளுக்குக் கிரீஸ் பூசுங்கள். உப்பில் பிடித்த போல்ட்டு அடுத்த முறை உடையும்.

5. பம்ப் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல எஞ்சின்களில் 50 முதல் 60 பாகை செல்சியஸ் அளவில் அது திறக்கத் தொடங்கும். சரியான அளவு பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். கொதிக்கும் வரை திறக்காவிட்டால் அது போய்விட்டது.

6. கடைசியாகச் சிலிண்டர் அறைகளின் உப்பும் ஹெட் பெக்கிங்கும். இது நல்ல மெக்கானிக்கின் வேலை. உப்பைக் கரைக்கிறோம் என்று கண்ட அசிட்டையும் ஊற்றினால் அலுமினியம் அரித்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. "அதைக் கழற்றி எறிந்தால் தண்ணீர் நன்றாக ஓடும்" என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். தண்ணீர் ஓடும் என்பது உண்மை. ஆனால் நமது எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் இயக்கி, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது ஏன்? குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பிளக்கில் கரி பிடிக்கும், புகை கூடும், எண்ணெய் வீணாகும். சூட்டுக்குப் பயந்து செய்த காரியம் மண்ணெண்ணெய்ச் செலவை ஏற்றிவிடும்.

கடலில் வைத்துப் பீச்சு நின்றால் என்ன செய்வது என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். "கரை கிட்டத்தானே" என்று ஓட்டக் கூடாது. உடனே நிறுத்தி, நங்கூரம் போட்டு, எஞ்சினைத் தூக்கி வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சூடான சிலிண்டரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, அலுமினியம் கோணிவிடும். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே இயக்க வேண்டும். இயக்கியும் தண்ணீர் வராவிட்டால், இன்னொரு படகைக் கூப்பிட்டு இழுத்து வருவதே மலிவு.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

இம்பெல்லரைக் குதிரைவலுவைக் கேட்டுக் கொடுக்காதீர்கள். ஒரே 15 குதிரைவலுவிலும் மாதிரிக்கு மாதிரி பாகம் மாறும். எஞ்சினைப் படகில் பூட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டின் மாதிரி எழுத்துகளையும் இலக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். இறப்பர் பாகங்களை வெயில் படும் தட்டில் வைக்காதீர்கள். வருடக்கணக்கில் கிடந்து விறைத்த இம்பெல்லரைப் புதிது என்று விற்பது, குறையை மறைத்து விற்பதுதான். அது நமது மார்க்கத்தில் ஆகாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். போலியும் அசலும் உங்களிடம் இருந்தால் இரண்டையும் மேசையில் வைத்து, எது எது என்று வாயால் சொல்லி விற்பனை செய்யுங்கள்.

இம்பெல்லரைத் தனியாக விற்பதை விட, சாவிக் கட்டை, பெக்கிங், வளையம் எல்லாம் அடங்கிய முழு செட்டாக விற்பது இருவருக்கும் நல்லது. வருடத்துக்கு ஒரு தடவையாவது பம்பைத் திறந்து பார்க்க வேண்டும். தினமும் மணல் முகத்துவாரத்தைத் தாண்டுகிறவர் அதற்கு முன்னரே பார்க்க வேண்டும். யாருக்கு எந்த மாதிரி செட், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாடை ஓய்ந்து படகுகள் இறங்குமுன் அந்தக் கொப்பியைப் பார்த்துத் தொலைபேசியில் ஞாபகப்படுத்தினால், அந்த வியாபாரம் உங்களைத் தேடி வரும்.

இடமிருந்தால் கடைக்குப் பின்னால் ஒரு பரலும் ஒரு தாங்கு கட்டையும் போட்டு வையுங்கள். தொழில் முடிந்து வருகிறவர் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டிக் கழுவிக்கொண்டு போகட்டும். நல்ல தண்ணீர் தட்டுப்பாடான கடற்கரையில் அது பெரிய உபகாரம். உங்களுக்கு ஒரு பரல் தண்ணீர்தான் செலவு. கழுவ வருகிறவர் பிளக்கும் ஒயிலும் வேறெங்கும் போய் வாங்கமாட்டார்.