பன்னிரண்டாமவர்

பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் என்பது யாவரும் அறிந்ததே. அவர்க்கு அப்பால் பன்னிரண்டாமவர் ஒருவர் உளர். அவர் ஆட்டவுடை அணிந்து களத்தின் ஓரத்தே அமர்ந்திருப்பார். அழைப்பு வரின் இறங்குவார். வாராதாயின் வியர்வையின்றி வீடு திரும்புவார். இவரைச் சேம ஆட்டக்காரர் எனலாம். உப்பு வணிகர் வழியிடை நேரும் இடரை எண்ணி, வண்டியின்கீழ்க் கட்டிச் செல்லும் சேமவச்சினைப் புறநானூற்றில் ஔவையார் கூறியுள்ளார். முதலச்சு முறியுங்காறும் அதற்குத் தொழில் இல்லை. முறிந்தவிடத்து அதனாலன்றி வண்டி செல்லாது. ஆயின் மரத்தாலாய அச்சிற்குக் காத்திருத்தலால் வருத்தமில்லை, மக்கட்கு உண்டு. இவ்வேறுபாட்டினை, இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் ஆடிய டேவிட் ஃபேர்கிளஃப் என்பாரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வாம்.

முதற்கண் விதியினை நோக்குவாம். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் 1965-ஆம் ஆண்டுவரை மாற்றாளை இறக்கும் முறை இருந்ததில்லை. ஒருவர் கால் முறிந்து வீழினும் எஞ்சிய பதின்மரே ஆடி முடித்தல் வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், சார்ல்ட்டன் கழகத்துக் கீத் பீக்காக் என்பவர் அந்த லீக்கில் முதல் மாற்றாளாக இறங்கினார். தொடக்கத்தில் காயமுற்றார்க்கு மட்டுமே மாற்று. 1967 முதல் எக்காரணம் பற்றியும் மாற்றலாம் என்றாயிற்று. இச்சிறு திருத்தத்தால், இடருக்கு உதவும் காப்பாக இருந்த மாற்றாள், வேளை பார்த்து விடுக்கும் படைக்கலம் ஆயினார். எனினும் லீக் ஆட்டத்தில் அணிக்கு ஒரு மாற்றாளே அன்று உண்டு. அவர்க்குரியது 12 என்னும் எண் பொறித்த சட்டை.

லிவர்பூல் நகரில் 1957-இல் பிறந்த ஃபேர்கிளஃப், 1975-இல் அக்கழகத்தின் முதலணியில் ஆடத் தொடங்கினார். முன்வரிசையில் கீகன், டோஷாக் என்னும் பெருவீரர் இருவர் நின்றமையால் இவர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் பன்னிரண்டாம் சட்டையே. 1976 ஏப்ரலில், அந்நகரத்தின் மற்றொரு கழகமாகிய எவர்ட்டனோடு நிகழ்ந்த ஆட்டத்தில் மாற்றாளாக இறங்கி, ஆட்டம் முடியுந் தறுவாயில் தனித்தோடிக் கோல் அடித்தார்; அவ்வொரு கோலே வெற்றி தந்தது.

இவர் புகழ் நிலைபெற்ற நாள் 1977 மார்ச்சு 16. ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் முதலாட்டத்தில், பிரான்சு நாட்டுச் செயின்ட் எத்தியேன் கழகத்திடம் லிவர்பூல் 0-1 எனத் தோற்றிருந்தது. ஆன்ஃபீல்டுத் திடலில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 2-1 என முந்தியும் பயனில்லை. ஈராட்டத்தின் கூட்டுத்தொகை ஒத்திருந்தால், அயற்களத்தில் மிகுதியாகக் கோல் அடித்தவரே வென்றவர் என்பது அன்றைய விதி. அந்நிலையில் பயிற்சித் தலைவர் பாப் பெய்ஸ்லி, டோஷாக்கை அழைத்துக்கொண்டு ஃபேர்கிளஃபை விடுத்தார். 84-ஆம் நிமிடத்தில் இவர் பந்தை வாங்கி, காவலரைக் கடந்து, கோலினுள் செலுத்தினார். கழகம் அரையிறுதிக்குச் சென்றது. ஆயினும் மே 25-ஆம் நாள் ரோம் நகரில் லிவர்பூல் முதன்முறை அக்கோப்பையை வென்றபோது, வழிதிறந்த இவர் ஓரத்தே அமர்ந்திருந்தார், அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு வெம்பிளியில் நடந்த இறுதியாட்டத்திலோ தொடக்கமுதலே ஆடினார்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. இவரை மக்கள் ‘சூப்பர்சப்’ என்று புகழ்ந்தனர். அப்புகழ்ச்சியே தளையும் ஆயிற்று. இறுதிக்கட்டத்தில் இறங்கி வெல்பவரை இறுதிவரை வைத்திருத்தலே தக்கது என்று தலைவர் கருதின், அதனைப் பிழை என்பார் யார்? சேமத்தொழிலில் திறம்பட நின்றதே, சேமத்தினின்று நீங்குதற்குத் தடையாயிற்று. அப்பட்டத்தை இவர் முழுதும் விரும்பினாரல்லர்; ஆயினும் 2015-இல் தம் வரலாற்றை நூலாக்கியபோது அதனையே தலைப்பாக இட்டார். விரும்பாத பெயரைத் தம்முடையதென ஏற்ற அத்துணிவு, அடித்த கோல்களினும் சிறிதன்று.

1983-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் கழகத்துக்குச் செல்லும்வரை, லிவர்பூலுக்காக இவர் ஆடியவை 154 ஆட்டங்கள். அடித்தவை 55 கோல்கள். அவற்றுள் 18 மாற்றாளாக இறங்கி அடித்தவை. களம் புகாது அமர்ந்திருந்த நாட்களோ இக்கணக்கில் சேரா. அந்நாட்களிலும் உடல் பயின்றது. எவர் தளர்கின்றார், எங்கு இடம் பிறக்கின்றது எனக் கண் நோக்கியது. அவ்வுழைப்பு இல்லையேல் 84-ஆம் நிமிடத்தின் செயலும் இல்லை.

ஆதலின், காத்திருத்தலைச் சோம்பல் என்றல் தகாது. அதனை எளிதென்று புகழ்தலும் தகாது. தலைவர்க்கு அணியின் வெற்றியே கடன். சேம ஆட்டக்காரர்க்கு ஆயத்தமே கடன். காண்போராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. ஆட்டம் முடிந்தபின் வென்றாரைச் சூழ்ந்து ஆரவாரிக்கும் நாம், வியர்வை படாத சட்டையோடு ஒதுங்கி நிற்பவரிடத்தும் சென்று கைகொடுத்தல் வேண்டும்.